நாற்காலியும் பலகையும்

'உச்சத்துல இருக்கும்போதே விலகிடணும்.'

இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! ஒரு கிரிக்கெட் வீரர் இரண்டு மேட்சில் சீக்கிரம் அவுட்டானால் போதும், டீக்கடையில் ஆரம்பித்துவிடும். "மரியாதையா ரிட்டயர் ஆகிடலாம்ல? இன்னும் எதுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கணும்?" பாடகருக்குக் குரல் லேசாகக் கரகரத்தால் அவருக்கும் இதே அறிவுரை. நடிகருக்கும் இதேதான். சொல்கிறவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர் ரிட்டயர்மென்ட்டுக்கு ஆறு மாசம் இருக்கும்போதே, எக்ஸ்டென்ஷனுக்கு யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

நிஜமாகவே யோசித்துப் பாருங்கள். வயதான ஒருவர் தன் வேலையை எப்போது நிறுத்த வேண்டும்? அதை யார் முடிவு செய்ய வேண்டும்? 'அவரோட மரியாதைக்காகத்தான் சொல்றோம்' என்கிறோமே, அது அவருடைய மரியாதையா? இல்லை, நம் மனசில் மாட்டி வைத்திருக்கும் அவருடைய இளமைக்கால போட்டோவில் கீறல் விழக் கூடாது என்கிற நம் ஆசையா?

ஒரு கதை சொல்கிறேன். கோல்ஃப் கதை. 'அது பணக்காரங்க ஆட்டமாச்சே, நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆட்டம் சிம்பிள்தான். பதினெட்டுக் குழி. குறைந்த அடிகளில் பந்தை எல்லாக் குழியிலும் போட்டவர் ஜெயித்தார். பெரிய போட்டி என்றால் நான்கு நாள் இதே வேலை. ஒவ்வொரு குழிக்கும், நல்ல ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் 'பார்'. இவ்வளவு தெரிந்தால் போதும்.

2009 ஜூலை. ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் டர்ன்பெரி என்கிற ஊர். அங்கே 'தி ஓபன்'. கோல்ஃபின் நான்கு மிகப் பெரிய போட்டிகளில் மிகப் பழையது. அமெரிக்கர் டாம் வாட்சன் ஆட வந்தார். அதே போட்டியை 1975-லிருந்து 1983-க்குள் ஐந்து முறை ஜெயித்தவர். இதே டர்ன்பெரியில் 1977-ல் ஜாக் நிக்லாஸ் என்கிற மகா ஆட்டக்காரரோடு கடைசிக் குழிவரை மல்லுக்கட்டி, ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தவர். எல்லாம் சரி. ஆனால் 2009-ல் அவருக்கு வயது 59. ஒன்பது மாதம் முன்னால்தான் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். பழைய சாம்பியன் வந்தார், கையசைத்தார், போனார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

முதல் நாள் 65 அடி. அந்த மைதானத்தின் கணக்கு 70. 'பழைய ஞாபகம்' என்றார்கள். இரண்டாம் நாள் முடிவில், இன்னொருவரோடு சேர்ந்து முதலிடம். 'நாளைக்கு விழுந்துடுவார்' என்றார்கள். மூன்றாம் நாள் முடிவில் தனியாக முதலிடம்! அதற்குமுன் பெரிய போட்டி ஒன்றை ஜெயித்தவர்களிலேயே மூத்தவர் ஜூலியஸ் போரோஸ். 1968-ல் ஜெயித்தபோது அவருக்கு 48. வாட்சன் ஜெயித்தால் அந்தச் சாதனை ஒரேயடியாகப் பதினோரு வருஷம் தள்ளிப் போகும்.

இது எப்படி முடிந்தது? கடலோர மைதானத்தில் வெறும் பலம் எடுபடாது. காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். தரை கெட்டியாக இருக்கும். பந்து விழுந்த பிறகும் எங்கே உருளும் என்று தெரிந்திருக்க வேண்டும். வயது, தோளில் இருந்த வேகத்தை எடுத்துக்கொண்டது. காற்றைப் படிக்கிற புத்தியை எடுக்கவில்லை.

கடைசி நாள், கடைசிக் குழி. நான்கு அடியில் போட்டால் சாம்பியன். இரண்டாவது அடி அருமையாகப் பறந்து, குழி இருக்கும் பச்சைத் திட்டில் விழுந்தது. நிற்கவில்லை. உருண்டு உருண்டு திட்டின் பின்பக்கம் தாண்டிவிட்டது. அங்கிருந்து தள்ளிய பந்து குழியைத் தாண்டிச் சுமார் எட்டு அடி தூரம் போய் நின்றது. இப்போது அந்த எட்டு அடிதான் பாக்கி. வாட்சன் தட்டினார். பந்து குழி பக்கமே போகவில்லை.

சமநிலை. முடிவு காண இன்னும் நான்கு குழிகள். எதிரே நின்றவர் 36 வயது ஸ்டூவர்ட் சிங்க். 59 வயதுக் கால்கள் அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. அந்த நான்கு குழிகளில் ஆறு அடி வித்தியாசத்தில் சிங்க் ஜெயித்தார்.

பத்திரிகையாளர் கூட்டத்துக்கு வாட்சன் வந்தபோது எல்லோரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது. 'இது ஒண்ணும் சாவு வீடு இல்லையே' என்கிற மாதிரி சொல்லிச் சிரித்தார். தோற்றது அவருக்கு வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வலித்தது என்று அவரே சொன்னார். ஆனால் அந்த நான்கு நாளும் வந்திருக்கவே கூடாது என்று அவர் நினைக்கவில்லை. 'உச்சத்திலேயே' விலக வேண்டும் என்றால் அவர் 1983-லேயே போயிருக்க வேண்டும். 2009-ன் நான்கு நாட்கள் அவருக்கும் கிடைத்திருக்காது, உலகத்துக்கும் கிடைத்திருக்காது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 'சார், கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த இடம் ஒரு சின்னப் பையனுக்குப் போயிருக்கலாமே?'

கேட்க வேண்டிய கேள்விதான். ஓபனில் ஆடுபவர்கள் 156 பேர்தான். அதில் பழைய சாம்பியன்களுக்கு அப்போது அறுபது வயதுவரை தகுதிச் சுற்று இல்லாமலே இடம் இருந்தது. வாட்சன் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். ஆக, ஏதோ ஓர் இளைஞருக்கு ஓர் இடம் குறைந்தது நிஜம். ஆனால் கவனியுங்கள். சலுகை வாசலோடு சரி. உள்ளே வந்த பிறகு அவருடைய பந்துக்குக் காற்று சலாம் போடவில்லை. இரண்டு நாள் முடிவில் சரியாக ஆடாத பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பழைய சாம்பியன் என்று அங்கே கருணை கிடையாது. முதல் இரண்டு நாளும் வாட்சனோடு சேர்ந்து ஆடியவர்களில் ஒருவர் இத்தாலிப் பையன் மத்தேயோ மனசேரோ, வயது 16. அந்தப் பையனும் அந்தப் போட்டியில் பிரமாதமாக ஆடி, அமெச்சூர்களில் முதலாவதாக வந்தான். பெரியவர் இருந்ததால் பையனுக்கு வெளிச்சம் குறையவில்லை.

இதே வாட்சன் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொன்னால்தான் நியாயம்.

2014-ல் ஐரோப்பாவுக்கு எதிரான ரைடர் கோப்பைப் போட்டிக்கு அவரை அமெரிக்க அணியின் கேப்டனாக்கினார்கள். ஆட வேண்டாம். யார் ஆடுவது, யாரோடு யார் சேர்ந்து ஆடுவது என்று முடிவு செய்ய வேண்டும். வயது 65. அதற்குமுன் அவ்வளவு வயதில் யாரும் அந்தப் பொறுப்பில் இருந்ததில்லை. அணி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. முடிவில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்த பத்திரிகையாளர் கூட்டத்தில், கேப்டனை வைத்துக்கொண்டே பில் மிக்கல்சன் என்கிற மூத்த வீரர், 2008-ல் வேறொரு கேப்டன் வீரர்களைக் கலந்து பேசி முடிவெடுத்து ஜெயித்த கதையை எடுத்துவிட்டார். இந்த முறை எங்களை யாரும் கேட்கவில்லை என்பது அதன் பொருள். தன் பேச்சிலும் அணுகுமுறையிலும் இருந்த குறைக்குத் தானே பொறுப்பு என்று பிற்பாடு வாட்சன் எழுதினார்.

மனிதர் ஒருவர்தான். 59-ல் மைதானத்தில் கொண்டாடப்பட்டார். 65-ல் தலைமை இடத்தில் சங்கடப்பட்டார். என்ன வித்தியாசம்?

மைதானத்தில் அவர் தப்பு செய்தால் அடுத்த நிமிஷமே பந்து சொல்லிவிடும். தண்டனையும் அவருக்கு மட்டும்தான். தலைமை இடத்தில் அப்படி இல்லை. அங்கே தப்பு செய்தால் அனுபவிப்பது மற்றவர்கள். அதை முகத்துக்கு நேரே சொல்லவும் யாருக்கும் தைரியம் வராது. வந்தாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.

முதலாவதைப் பலகை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை நாற்காலி என்று. பலகையில் உட்காருகிறவர் தினமும் தன்னை நிரூபிக்க வேண்டும். நாற்காலியில் உட்காருகிறவரை நாற்காலியே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். 'விலகுங்க பெரியவரே' என்று நாம் உரிமையோடு கேட்க வேண்டியது நாற்காலிக்காரரிடம். கேட்பதோ பெரும்பாலும் பலகைக்காரரிடம்! அலுவலகத்தில், கட்சியில், சங்கத்தில், அறக்கட்டளையில் எண்பது வயதிலும் கையெழுத்துப் போடும் பேனாவை விடாதவருக்கு மாலை போடுகிறோம். தன் பாட்டுக்கு ஆடுகிறவரைப் பார்த்து, 'இன்னும் எதுக்கு?' என்கிறோம்.

பலகை என்றதும் நமக்குச் சதுரங்கப் பலகை ஞாபகம் வரும். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் ஞாபகம் வருவார்.

2013 நவம்பரில் சென்னையில், சொந்த மண்ணில், ஆனந்த் உலகப் பட்டத்தை நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனிடம் இழந்தார். பத்து ஆட்டம் நடந்தது. ஒன்றில்கூட ஆனந்த் ஜெயிக்கவில்லை. கார்ல்சனுக்கு 22 வயது. ஆனந்துக்கு 44 ஆகப் போகிறது. டீக்கடை அறிவுரை அவருக்கும் வந்தது. 'போதும், நிறைய சாதிச்சாச்சு.' அடுத்த சவால்காரரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி, 2014 மார்ச்சில் ரஷ்யாவின் கான்டி மான்சிஸ்க் நகரில். எட்டுப் பேர். அதில் ஆனந்துதான் வயதில் மூத்தவர். போகலாமா வேண்டாமா என்று அவருக்கே தயக்கம் இருந்தது. போனார். 14 ஆட்டத்தில் மூன்று வெற்றி, பதினொன்று டிரா. ஒரு தோல்விகூடக் கிடையாது. இரண்டாவது வந்தவரைவிட ஒரு முழுப் புள்ளி அதிகம்!

அந்த வருஷ நவம்பரில் சோச்சியில் கார்ல்சனிடம் மறுபடி தோற்றார். மறுபடி அறிவுரை. 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். ரேபிட் என்பது சீக்கிரம் சீக்கிரம் காய் நகர்த்துகிற வேக ஆட்டம். 'அது பசங்களுக்கானது' என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்தப் போட்டியில் அவரிடம் தோற்றவர்களில் கார்ல்சனும் ஒருவர்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2022. அந்த வருஷம் நார்வே செஸ் போட்டியில், 52 வயதில், உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுக்கு நடுவே மூன்றாவதாக வந்தார். ஆடுகிற சக்தி நன்றாகவே இருந்தது. அடுத்த சில வாரங்களில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். சொந்த ஊர்த் திருவிழா. அணியில் அவருக்கு இடம் வேண்டும் என்றால் யார் மறுப்பார்கள்? அவர் ஆடவில்லை. வீரர்களுக்கு ஆலோசகராக நின்றார். குகேஷ், பிரக்ஞானந்தா போன்ற பையன்கள் ஆடிய இந்திய 'பி' அணி வெண்கலம் வாங்கியது. குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் ஜெயித்தார். 1986 முதல் 37 வருஷம் இந்தியாவின் முதல் இடத்தில் இருந்த ஆனந்தை, 2023 செப்டம்பர் பட்டியலில் தாண்டியவரும் அந்தக் குகேஷ்தான். 2024 டிசம்பரில், 18 வயதில், அவர் உலக சாம்பியன் ஆனார். ஆனந்த் துணை நின்ற பயிற்சி மையத்தில் வளர்ந்தவர்.

பாருங்கள், ஆனந்த் ஆட்டத்தை விடவில்லை. அணியில் இருக்கும் இடம் எண்ணிக்கைக்கு உட்பட்டது. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டும். அதை விட்டுக்கொடுத்தார். தனியாக ஆடும் பலகை யாருடைய இடத்தையும் பிடிப்பதில்லை. அதை வைத்துக்கொண்டார்.

இவ்வளவு தெளிவாக முடிவெடுக்க வாட்சனாலும் ஆனந்தாலும் முடிந்தது. அதற்கு ஒரு காரணம் நாம் கவனிக்காமல் போகிறோம். ஆட்டத்தை நிறுத்தினாலும் அவர்கள் வீட்டு அடுப்பு எரியும். அடுப்புக்காகவே உழைக்கிறவரிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனால் என்ன ஆகும்?

ஆரணிக்குப் போவோம். ஊர் பெயரைச் சொன்னதுமே பட்டுச் சேலை கண்ணில் வரும். ஊருக்குள்ளும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீட்டுக்குள்ளேயே தறி. குழித்தறி. நெய்பவர் காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதித்துக்கொண்டு, ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பார். ஆமாம், அங்கேயும் பலகைதான். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டுத்தான் மேலே நகர முடியும். நாள் பூராவும் கண்ணும் காலும் முதுகும் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். அந்தத் தறிகளில் அறுபதைத் தாண்டியவர்களை எளிதாகப் பார்க்கலாம்.

பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் 67, 68 வயது.

முதலாமவரின் பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாசம் தவறாமல் பணம் அனுப்புகிறான். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் ஒரே பல்லவி. "போதும்பா. நான் சம்பாதிக்கிறேன்ல? நாலு பேர் என்னைத்தான் கேக்கறாங்க, இந்த வயசுல அப்பாவைத் தறியில உட்கார வெச்சிருக்கியேன்னு."

அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். "டேய், தறியில உக்காந்தா முட்டி வலி தெரியறதில்லடா. வீட்ல சும்மா உக்காந்தாத்தான் தெரியுது."

புட்டா வேலைப்பாடு அதிகம் உள்ள சேலையை அவர் இப்போது எடுப்பதில்லை. கண் ஒத்துழைக்கவில்லை. சாதாரண பார்டர் சேலை. கூலி குறைவு. 'என் கண்ணுக்கு இது போதும்' என்று அளவைத் தானே குறைத்துக்கொண்டார். நெசவில் தப்பு இருந்தால் சேலையைப் பிரித்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும், கூலியில் பிடித்துவிடுவார்கள். வயதானவர் என்று பட்டு தாட்சண்யம் பார்க்காது. அவர் எழுந்து போனால் அந்தப் பலகையில் உட்கார வரிசையில் நிற்கும் இளைஞர் யார்? யாரும் இல்லை. தறிதான் காலியாக நிற்கும்.

இவரை நிறுத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

இரண்டாமவர். அதே மாதிரி குழி, அதே மாதிரி பலகை. காலையில் அதே நேரத்துக்கு உட்காருகிறார். பல வருஷம் முன்னால் பெண் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் இன்னும் முதலாளி கணக்கில் நிற்கிறது. பையன் இல்லை. கிடைக்கிற ஓய்வூதியம் மருந்துக்கே போதவில்லை. 'ஏன் பெரியவரே, இன்னும் நெய்யறீங்களே' என்று கேட்டால் அவர் சிரிக்க மாட்டார். "நிறுத்தினா யாரு சோறு போடுவா?"

ஏதாவது பண்டிகை நாளில் இந்த இரண்டு பேரின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'தள்ளாத வயதிலும் தளராத உழைப்பு' என்று தலைப்புக் கொடுத்துவிட முடியும். நாமும் பார்த்து நெகிழ்ந்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விட முடியும். முதலாமவருக்கு அந்தப் பாராட்டு பொருந்தும். இரண்டாமவருக்கு அது பாராட்டே இல்லை. அவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். மாட்டிக்கொண்டவரைப் பார்த்துக் கைதட்டுவது, கிணற்றில் விழுந்து தத்தளிப்பவரைப் பார்த்து 'என்னமா நீந்துறார்!' என்று சொல்கிற மாதிரி.

ஆக, வயதான ஒருவர் தொடர்வது அழகா, அசிங்கமா என்பதை வயதை வைத்துச் சொல்ல முடியாது. ஜெயிக்கிறாரா, தோற்கிறாரா என்பதை வைத்தும் சொல்ல முடியாது. வெளியே போகும் கதவு அவருக்குத் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போகலாம் என்று தெரிந்தும் இருக்கிறார் என்றால் அது அவர் விருப்பம், அதில் நாம் தலையிட வேண்டாம். போக முடியாமல் இருக்கிறார் என்றால் அது நம் கடன். கூலியையும் ஓய்வூதியத்தையும் முன்பணக் கணக்கையும் பற்றிப் பேச வேண்டிய இடம் அது. நாற்காலியில் இருப்பவரா? அவருக்குக் கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கிறது. அவரிடம் தாராளமாகக் கேட்கலாம், எப்போது எழுந்திருக்கப் போகிறீர்கள் என்று.

வாட்சனும் கடைசியில் நிறுத்தினார். 2009-க்குப் பிறகு, பழைய சாம்பியன் முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் இன்னும் ஐந்து வருஷம் ஆடலாம் என்று விதியையே மாற்றினார்கள். 2015-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் தன் கடைசி ஓபனை ஆடினார். வயது 65. இரண்டாம் நாள் மழையால் ஆட்டம் தாமதமாகி, அவர் கடைசிக் குழிக்கு வரும்போது இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த சுற்றுக்கு அவர் போகப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளிரில், அந்த நேரத்தில், ஜனங்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் கடைசிப் பந்தைக் குழியில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். தையல் மெஷினை விடாத அம்மாவாக இருக்கலாம். கடைக்கு வந்து கல்லாப் பக்கத்தில் உட்காரும் அப்பாவாக இருக்கலாம். டியூஷனை நிறுத்தாத ரிட்டயர்டு வாத்தியார் மாமாவாக இருக்கலாம். 'போதும்பா, ரெஸ்ட் எடு' என்று சொல்ல வாய் திறக்கும்போது, அதற்கு முன்னால் ஒன்று கேட்டுப் பாருங்கள்.

"உனக்கு நிறுத்தணும்னு இருக்காப்பா?"

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கொஞ்சம் சும்மா இருங்கள்.